ட்ரெயில் ஊர் உருக்காலையும் அப்பாவின் ரசீதுப் புத்தகமும்

முதல் நாள், ராஸ்லாண்ட், இரவு 10 மணி

அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு வாரமாகிறது. விக்டோரியா பூந்தோட்டம், பான்ஃப், இன்னும் பெயர் மறந்துபோன நான்கைந்து ஏரிகள் எல்லாம் காட்டியாயிற்று. போன வாரம் காலைக் காப்பியோடு உட்கார்ந்தவர் சொன்னார்: "மலை, ஏரி, மலை, ஏரி. போதும் கண்ணு. ஆளுக வேலை செய்யற ஊரு ஏதாச்சும் இருந்தாக் காட்டு."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கோவையில் ஒரு பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். அதில் பத்தொன்பது வருடம் சங்கப் பொருளாளர். சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரசீதுப் புத்தகத்தோடு நின்று, ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சந்தா வாங்கியவர். அந்த மஞ்சள் அட்டைப் புத்தகங்களில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.

எனக்கும் இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதனால் ட்ரெயில் என்று முடிவு செய்தேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கில், அமெரிக்க எல்லையை ஒட்டி, கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். உருக்காலை என்றால் நமக்குச் சேலம் இரும்புதான் ஞாபகம் வரும். இது ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை. 1896இல் புகைய ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது.

வான்கூவரை ஒட்டியிருக்கும் எங்கள் சர்ரேயிலிருந்து 3ஆம் எண் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். ஹோப், பிரின்ஸ்டன், ஓசோயூஸ் என்று வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை. கட்டுச்சோறு மதியத்துக்கே தீர்ந்துவிட்டது. கிராண்ட் ஃபோர்க்ஸில் டூகபோர்களின் போர்ஷ் சூப் குடித்தோம். ரஷ்யாவில் பட்டாளத்துக்குப் போக மறுத்து இங்கே வந்து குடியேறியவர்கள் அவர்கள். முட்டைக்கோஸ், தக்காளி, மேலே பாலேடு. "ரசத்துல பாலாடையப் போட்ட மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் குடித்தார்.

ட்ரெயிலுக்கு மேலே மலையில் இருக்கும் ராஸ்லாண்டில் அறை. நாளைக்கு இங்கே ஒரு கட்டடம் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள், ராஸ்லாண்ட்

அந்தக் கட்டடம் கொலம்பியா அவென்யூவில் இருக்கிறது. மரத்தால் ஆன பெரிய கூடம். 1898இல் சுரங்கத் தொழிலாளர்களே கட்டிக்கொண்ட சங்கக் கூடம். அப்பா முன்படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். எங்கள் ஊர்ச் சங்கம் நாற்பது வருடம் ஓட்டுக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. அந்த ஏக்கம்.

கதை இதுதான். 1890இல் இந்த மலையில் தங்கமும் செம்பும் கலந்த தாது அகப்பட்டது. லெ ராய், சென்டர் ஸ்டார், வார் ஈகிள் என்று சுரங்கங்கள் முளைத்தன. 1895இலேயே இங்கே சங்கம் வந்துவிட்டது. அமெரிக்காவில் இருந்த மேற்கத்திய சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் 38ஆவது கிளை. 1899இல் இந்த மாகாணம், தரைக்கடியில் வேலை செய்பவர்களுக்கு எட்டு மணி நேரம்தான் என்று சட்டம் போட்டது. அது கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை. 1901 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம். அடுத்த ஜனவரிக்குள் தோல்வி. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்களை இறக்கினார்கள். அப்பாவின் அகராதியில் அதற்கு ஒரே சொல்தான்: கருங்காலி.

தோற்றதோடு விடவில்லை. கம்பெனி சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டது. நீதிமன்றம் 12,500 டாலர் நஷ்ட ஈடு தரச் சொன்னது. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூடமே கையை விட்டுப் போகிற நிலைமை.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார். "பின்னி மில் கேஸ் மாதிரியா?"

அசந்துவிட்டேன். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி.பி.வாடியா மீது பின்னி நிர்வாகம் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. அந்த அடிக்குப் பிறகுதான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அப்பா படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். இதெல்லாம் அவர் சங்க வகுப்பில் கற்றுக்கொண்டது. "அங்க நமக்கு சட்டம் வர எட்டு வருசம். இங்க?" என்றார். இங்கே 1902லேயே மாகாணச் சட்டசபை ஒரு தொழிற்சங்கச் சட்டம் போட்டது என்றேன். "பரவால்லியே."

முழுக்கப் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே ஊரில் பள்ளத்தில் காய்கறித் தோட்டம் போட்டு ஊருக்கே விற்றவர்கள் சீனர்கள். சுரங்கத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை. சங்கமும் அவர்களை ஏற்கவில்லை, ஏற்கக் கூடாது என்றுதான் பேசியது. எட்டு மணி நேரத்துக்காகக் கூடத்தில் கை தூக்கியவர்கள் இதற்கும் கை தூக்கியவர்கள்தான். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம மில்லுலயும் தண்ணிப் பானை ரெண்டு இருந்துச்சு கண்ணு, ரொம்ப நாளைக்கு" என்றார். அதை எடுக்கச் சொல்லிச் சங்கம் எப்போது பேசியது என்று கேட்டேன். "லேட்டாத்தான்."

மூன்றாம் நாள், ட்ரெயில்

ராஸ்லாண்டிலிருந்து ட்ரெயிலுக்குப் பத்து கிலோமீட்டர்தான். அதற்குள் சாலை கிட்டத்தட்ட அறுநூறு மீட்டர் இறங்குகிறது. காது அடைக்கிறது. கடைசி வளைவு திரும்பியதும் ஆலை தெரிகிறது. ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில், ஊரின் தலைமேல் உட்கார்ந்த மாதிரி. ஊரில் எங்கே நின்று நிமிர்ந்தாலும் புகைபோக்கி கண்ணில் படும். அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. "சங்கு ஊதுவாங்களா?" என்று கேட்டார்.

கல்ச் என்கிற பள்ளத்துத் தெருவில் நடந்தோம். இத்தாலியர்கள் வந்து தங்கிய பகுதி. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், இத்தாலியக் கொத்தனார்கள் அடுக்கிய கற்சுவர்கள், பனிக்காக மேலே கூரை போட்ட படிக்கட்டுகள். ஒரு படிக்கட்டில் எண்ணிக்கொண்டே ஏறினார். அறுபத்திரண்டாவது படியில் மூட்டு வலி வந்து எண்ணிக்கை நின்றது. "ஷிப்ட் முடிஞ்சு இதுல ஏறி வீட்டுக்குப் போயிருக்கான் பாரு. அவனுக்கு எட்டு மணி நேரமே ஜாஸ்தி."

அந்த எட்டு மணி நேரம்தான் இங்கே விவகாரம். ஆலையை ஆரம்பித்தவர் ஹெய்ன்ஸ் என்கிற அமெரிக்கர். 1898இல் கனடிய பசிபிக் ரயில்வே அதை வாங்கியது. 1906இல் ராஸ்லாண்ட் சுரங்கங்கள் சிலவற்றையும் ஆலையையும் ஒன்றாக்கி ஒரே கம்பெனியாக்கினார்கள். பின்னாளில் காமின்கோ என்று பெயர் பெற்றது அதுதான். இப்போது டெக். தோண்டுவதும் உருக்குவதும் ஏற்றிச் செல்லும் ரயிலும் ஒரே கையில் இருந்தால் சங்கத்தின் கதி என்னவாகும்?

1917இல் அதைச் சோதித்துப் பார்த்தவர் ஆல்பர்ட் குட்வின். செம்பட்டை முடிக்காரர் என்பதால் ஜிஞ்சர் குட்வின். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்து, சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். ஒல்லியான ஆள், உடம்பும் சரியில்லை. ட்ரெயில் சங்கத்தின் செயலாளர். 1916 மாகாணத் தேர்தலில் சோசலிஸ்ட் கட்சி சார்பில் நின்று தோற்றவர். முதல் உலகப் போருக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். மருத்துவப் பரிசோதனையில் அவரைத் தற்காலிகமாகத் தகுதியில்லாதவர் என்று எழுதிவிட்டார்கள். நவம்பர் மத்தியில், எல்லோருக்கும் எட்டு மணி நேரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களிலேயே அதே குட்வின் போர்முனைக்குத் தகுதியானவராகிவிட்டார்!

"உடம்பு தேறிடுச்சாக்கும்" என்றார் அப்பா.

வேலைநிறுத்தம் ஐந்து வாரம் ஓடியது. தலைமைச் சங்கத்தின் ஆதரவு இல்லை, கையில் காசு இல்லை, வெளியே பனி. கிறிஸ்துமஸுக்குள் உடைந்துவிட்டது. குட்வின் பட்டாளத்துக்குப் போகாமல் மேற்கே, வான்கூவர் தீவின் காட்டுக்குள் போய் மறைந்தார். மீதிக் கதை தீவில்.

அதற்குப் பிறகு ட்ரெயிலில் நடந்ததுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமாகப் பட்டது. அடிதடியோ கதவடைப்போ இல்லை. 1919இல் பொது மேலாளரான செல்வின் பிளேலாக் ஒரு கமிட்டி வைத்தார். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தொழிலாளர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுவார்கள். வீடு கட்டக் கடன், ஓய்வூதியம், மருத்துவ வசதி எல்லாம் வந்தன. ஐஸ் ஹாக்கி ஆடத் தெரிந்தவனுக்கு ஆலையில் வேலை. ஊர் அணியின் பெயரே ஸ்மோக் ஈட்டர்ஸ், அதாவது புகை தின்னிகள். 1939லும் 1961லும் உலகச் சாம்பியன் பட்டம் வாங்கிய அணி. கால் நூற்றாண்டு காலம் அந்தக் கமிட்டிதான் இருந்தது.

எங்கே சிக்கல் என்றால், கமிட்டியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முடியாது என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மில்லிலும் ஒர்க்ஸ் கமிட்டி இருந்தது. ஒரு வருடம் தீபாவளிக்கு, மில் பெயர் அச்சடித்த டப்பாவில் அரைக் கிலோ மைசூர்பாகு கொடுத்தார்கள். நெய் ஒழுகும். நான் அந்த டப்பாவில் கோலிக்குண்டு போட்டு வைத்திருந்தேன். அந்த வருடம் போனஸ் கிடையாது. அதைக் கமிட்டியில் கேட்டபோது முதலில் பேசியது நிர்வாகம் இல்லையாம், கூடவே உட்கார்ந்திருந்த தொழிலாளர் பிரதிநிதிதானாம். "முதலாளி மனசு நோகப் பேசாதீங்க." அப்பா இன்று மதியம் ஆற்றுப் பாலத்தில் நின்று இதைச் சொன்னார். இத்தனை வருடத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

நான்காம் நாள், இன்னும் ட்ரெயில்

ஊரில் ஆலையைப் பற்றி விளக்கும் மையம் ஒன்று இருக்கிறது. ஈயக் கட்டி ஒன்றைத் தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்கள். அப்பா தூக்கப் பார்த்தார், அசையவில்லை. தாதுவில் கந்தகம் இருப்பதால் உருக்கும்போது கந்தகப் புகை வரும். அது பள்ளத்தாக்கு வழியாக எல்லை தாண்டிப் போய் வாஷிங்டன் மாநிலத்து விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. இரு நாடுகளும் நடுவர் மன்றம் வைத்து 1938லும் 1941லும் தீர்ப்பு சொன்னார்கள். சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் முதலில் படிக்கும் வழக்கு இது. அந்தக் கந்தகத்தைப் பிடித்து உரமாக்கி விற்றார்கள். உர மூட்டையில் யானை மார்க்! யானையே இல்லாத நாட்டில்.

போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக இங்கே கனநீரும் தயாரித்தார்கள். எதற்காக என்று வேலை செய்தவர்களுக்குச் சொல்லவில்லை.

சங்கக் கதைக்கு வருகிறேன். 1938இல் ஆர்தர் எவன்ஸ் என்கிற அமைப்பாளர் ட்ரெயிலுக்கு வந்தார். மூன்று வருடம் முன்பு வேலையில்லாதவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி ஒட்டாவா நோக்கி அழைத்துப் போனவர். அவரும் கூட இருந்தவர்களும் கமிட்டிக்கு எதிராக ஆள் சேர்த்தார்கள். வெளியே தெரிந்தால் வேலை போகும் என்ற பயத்தில் ரொம்ப மெதுவாகத்தான் சேர்ந்தது. 1944இல், தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று கூட்டாட்சி அரசு உத்தரவு போட்டது. அந்த வருடம்தான் சுரங்க, உருக்காலைத் தொழிலாளர்களின் மைன் மில் சங்கத்தின் 480ஆவது கிளை சட்டப்படி வந்தது. 1917க்கும் 1944க்கும் நடுவே இருபத்தேழு வருடம். அடுத்த வருடம் பிளேலாக் இறந்துபோனார்.

வந்த சங்கத்துக்கு உடனே வீட்டுக்குள்ளேயே சண்டை. மைன் மில் தலைமையில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். பனிப்போர்க் காலம். கனடியத் தொழிலாளர் காங்கிரஸ் இவர்களை வெளியேற்றி, இவர்களின் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையை எஃகுத் தொழிலாளர் சங்கத்துக்குக் கொடுத்தது. 1950 பிப்ரவரியில் 480இன் நிர்வாகிகளே அணி மாறினார்கள். மைன் மில் பக்கம் நின்றவர் ஹார்வி மர்பி என்ற கம்யூனிஸ்ட். அடிமட்டத்து ஆட்கள் பெரும்பாலும் அவரோடு நின்றார்கள். ஊரே இரண்டானது. கடைசியில் மைன் மில்தான் தாக்குப்பிடித்தது.

"அணி மாறினவங்க கொடிய மட்டும் மாத்தினாங்களா, ஆபீஸ் சாவியையும் எடுத்துட்டுப் போனாங்களா?" என்று கேட்டார் அப்பா. பொருளாளர் கேள்வி. அவர் சங்கமும் ஒரு முறை உடைந்தது. பாஸ்புக் யாரிடம் என்பதில் ஆரம்பித்து, இருபது வருடம் ஒரே கேட்டில் ஷிப்ட் மாறியவர்கள் பேசிக்கொள்ளாமல் போனார்கள். இன்றைக்கும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போவதில்லை.

1967இல் மைன் மில் எஃகுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்துவிட்டது. பதினேழு வருடம் அடித்துக்கொண்டவர்கள் ஒரே கொடிக்குக் கீழே. ஆனால் கிளை எண் மாறவில்லை. இன்றும் இங்கே அது 480தான்.

மாலையில் சந்தாவைப் பற்றிக் கேட்டார். ரசீது போட்டு வாங்குகிறார்களா? இல்லை, சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்றேன். 1945இல் வின்ட்சரில் ஃபோர்டு ஆலையில் பெரிய வேலைநிறுத்தம். அதற்குத் தீர்வாக 1946 ஜனவரியில் நீதிபதி ஐவன் ராண்ட் சொன்ன ஏற்பாடு. ஒப்பந்தத்தின் பலன் எல்லோருக்கும் போவதால், உறுப்பினரோ இல்லையோ, எல்லோர் சம்பளத்திலும் சந்தா பிடிக்கலாம். பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இதைக் கேட்டு மகிழ்வார் என்று நினைத்தேன். முகம் சுளித்தார். "அப்ப மாசம் ஒருக்கா ஆளோட மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல." சந்தா வாங்கும்போதுதான் யார் வீட்டில் காய்ச்சல், எந்த மேஸ்திரி தொல்லை கொடுக்கிறான், யார் வேறு சங்கத்துக்குப் போகப் போகிறான் என்பதெல்லாம் தெரியுமாம். "ரெண்டு ரூபாய்க்கு அவன் பத்து நிமிசம் திட்டுவான். அதக் கேக்கத்தான் கண்ணு அங்க நிக்கிறது."

எனக்கு ராண்ட் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. வாக்குவாதம் பண்ணவில்லை.

ஐந்தாம், ஆறாம் நாள்

திரும்பும் பயணம். நெல்சன் அருகே கூட்டனி ஏரிக்கரையில் பிளேலாக் கட்டிய மாளிகையை வெளியே இருந்து பார்த்தோம். அப்பா காரிலிருந்து இறங்கவில்லை. பிரின்ஸ்டனில் மழை. வேறொன்றும் இல்லை.

எட்டாம் நாள், கம்பர்லாண்ட், வான்கூவர் தீவு

அதிகாலைக் கப்பலில் தீவுக்கு வந்து வடக்கே ஓட்டினோம். கம்பர்லாண்டை நெருங்கும்போது நெடுஞ்சாலையில் ஜிஞ்சர் குட்வின் பெயர்ப்பலகை. ஒரு கட்சி ஆட்சி 1996இல் வைத்தது, 2001இல் வந்த ஆட்சி எடுத்தது, நூற்றாண்டான 2018இல் திரும்ப வைத்தார்கள். பெயர்ப்பலகை அரசியலை அப்பாவுக்கு விளக்கத் தேவையே இல்லை.

இது பழைய நிலக்கரி ஊர். 1918 ஜூலை 27ஆம் தேதி, கோமாக்ஸ் ஏரிக்கு மேலே காட்டில், பட்டாளத்துக்கு வராதவர்களைத் தேடிப் போன டான் கேம்ப்பெல் என்ற சிறப்புக் காவலர் குட்வினைச் சுட்டார். ஒரே குண்டு. தற்காப்புக்குச் சுட்டேன் என்றார். வழக்கு விசாரணைக்கே போகவில்லை. இந்த ஊர் மக்கள்தான் அவரை மறைத்து வைத்துச் சாப்பாடு கொடுத்தவர்கள். உடலைத் தூக்கி வந்து ஊர்வலமாக எடுத்துப் போனவர்களும் அவர்களே. ஆகஸ்ட் 2ஆம் தேதி வான்கூவரில் ஒரு நாள் பொது வேலைநிறுத்தம். போரிலிருந்து திரும்பியிருந்த சிப்பாய்கள் சங்கக் கட்டடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள்.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே. அவருடைய கல் பாறையை உடைத்து நிறுத்திய மாதிரி, கரடுமுரடாக இருக்கிறது. அரிவாள் சுத்தியல் செதுக்கியிருக்கிறது. கீழே ஜூன் மாத நினைவு நாளுக்குச் சங்கங்கள் வைத்த மலர்வளையங்கள் காய்ந்து கிடந்தன. ரிப்பன் மட்டும் சாயம் போகவில்லை.

எழுத்தைப் படிக்கச் சொன்னார். "தொழிலாளியின் நண்பன்" என்றேன்.

"தலைவர்னு போடலியா?"

"இல்லைங்கப்பா."

காய்ந்த வளையம் ஒன்று சரிந்திருந்தது. குனிந்து நிமிர்த்தி வைத்தார். மூட்டு வலியோடு எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

திரும்பும் கப்பலில் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். காற்று. காப்பி வாங்கி வந்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஏங் கண்ணு, ஒரு வாரமா உனக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு போன்கூட வரலியே."

சொல்லிவிட்டேன். மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு ஒரு மின்னஞ்சல். எட்டு மணிக்குக் கணினி திறக்கவில்லை. மூன்று மாதச் சம்பளம் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. நல்ல கம்பெனி. வெள்ளிக்கிழமை தோறும் பீட்சா, பிறந்த நாளுக்குக் கேக், மேலாளர்களோடு பேச ஒரு குழுகூட இருந்தது. அதில் நானும் ஒரு வருடம் உறுப்பினர்.

"எத்தன பேரு?"

"நூத்தி நாப்பது பேருங்கப்பா."

"எல்லாரும் எங்கயாச்சும் ஒண்ணா உக்காந்து பேசினீங்களா?"

யார் அந்த நூற்றி நாற்பது பேர் என்று எனக்கு இதுவரை தெரியாது. அப்பா காப்பிக் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மஃப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.